பழைய பலகை வீட்டில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் டவுனிலிருந்து தோட்டத்துச் சாலையில் ஏறிப் போனால், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. ஒரு காலத்தில் கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, குடியிருந்த வீடு. செங்கால் மரத் தூண்கள், மெராந்திப் பலகைச் சுவர், தகரக் கூரை, அடியில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு வெற்றிடம். கீழே ஏரியை உண்டாக்கிய சுல்தான் அபு பக்கார் அணையைக் கட்டி முடித்தது 1963இல். வீடு அதற்கும் மூத்தது. இப்போது கருப்பன், சுட்டி என்று இரண்டு நாய்கள். முன்பு ராணி இருந்தாள்.

தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டு இப்படிப் பழைய வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் கேமரன் மலையில் கொஞ்சம் பேர் இருக்கிறோம். ஏதாவது ஆனால் போன் வரும். "அண்ணே, மேல என்னமோ ஓடுது." "அண்ணே, நாய் மூக்குல ரத்தம் வருது, என்னா செய்றது?" அப்படி வந்த கேள்விகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வீட்டில் கோளாறு தெரியும் இடம் வேறு, அது பிறந்த இடம் வேறு. சீலிங்கில் சத்தம் கேட்கும், காரணம் படிக்கட்டின் அடியில் இருக்கும். மருந்தை எடுப்பதற்கு முன்னால் 'இது எதைத் தேடி இங்கே வந்தது?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பாதிக்குப் பாதி அங்கேயே விடை கிடைத்துவிடும்.

இரவில் சீலிங்கில் சத்தம்

உடனே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஏறவேண்டாம். படுத்தபடியே கேளுங்கள். எந்த நேரத்தில் கேட்கிறது, எவ்வளவு கனமாகக் கேட்கிறது, இந்த இரண்டும் போதும்.

இரவு முழுக்கக் குடுகுடுவென்று ஓடி, நடுவில் நறநறவென்று கடிக்கும் சத்தம் வந்தால் எலி. இரவு எட்டு ஒன்பது மணிக்கு ஒரு குழந்தை தவழ்ந்து போவது போலக் கனமாக ஒரு தடவை, விடிவதற்கு முன் இன்னொரு தடவை என்றால் மூசாங். பழைய ஆட்கள் மரநாய் என்பார்கள். அது தங்கியிருக்கும் வீட்டில் யாரும் சமைக்காமலே பாண்டான் இலை வாசம் அடிக்கும். மலாய்க்காரர்கள் மூசாங் பாண்டான் என்று பெயர் வைத்ததே அதனால்தான். காலையில் வெளிச்சம் வந்த பிறகு தகரத்தின் மேல் தொம் தொம் என்று விழுந்தால் குரங்கு. சமையலறை ஜன்னலுக்குக் கம்பி வலை அடியுங்கள், அது போதும்.

பல நாளாகக் கேட்ட எலிச் சத்தம் ஒரே ராத்திரியில் நின்றுபோனால் அதுவும் ஓர் அறிகுறிதான். எலியைத் தேடிப் பாம்பு வந்திருக்கலாம். அன்றைக்கு யாரையும் சீலிங்குக்குள் தலையை விடச் சொல்லாதீர்கள்.

காதை நம்ப முடியவில்லை என்றால் மாவை நம்புங்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பலகைத் துண்டை வைத்து, அதன்மேல் கோதுமை மாவை மெல்லிசாகச் சலித்து விடுங்கள். காலையில் தடம் இருக்கும். பூனை என்றால் நான்கு விரல் பதிந்திருக்கும். மூசாங்குக்கு ஐந்து. எலியின் தடம் மிகச் சின்னது, பெரும்பாலும் நடுவில் வால் இழுத்த கோடு தெரியும்.

மூசாங் என்றால் அவசரப்படாதீர்கள். பகலில் ஓட்டையை அடைத்தால் அதை உள்ளே வைத்து அடைத்தது போல ஆகிவிடும். இரவு அது இரை தேடிக் கிளம்பிய பிறகு கம்பி வலை வைத்து ஆணி அடிக்கவேண்டும். அதற்கும் முன்னால் பகலில் காது கொடுத்துக் கேளுங்கள். கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தால் குட்டி இருக்கிறது. குட்டிகள் தாயோடு வெளியே போகும்வரை சில வாரம் பொறுத்துத்தான் ஆகவேண்டும். நாங்கள் ஒரு தடவை கேட்காமல் அடைத்துவிட்டோம். தாய் இரண்டு இரவு தகரத்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. வலையைப் பிடுங்கித் திறந்துவிட்ட மறுநாள் அவற்றை வேறு எங்கேயோ தூக்கிக்கொண்டு போய்விட்டது.

எலி என்றால், அதற்குச் சோறு எங்கே கிடைக்கிறது என்று தேடுங்கள். எங்கள் வீட்டில் அது கருப்பனின் தட்டு. சாயந்தரம் வைத்த சோற்றில் பாதியை அவன் மிச்சம் வைப்பான், அது படிக்கட்டின் அடியில் விடியும்வரை கிடக்கும். தட்டை எட்டு மணிக்கே எடுத்துக் கழுவி உள்ளே வைக்கத் தொடங்கினோம், அரிசியையும் நாய்த் தீனியையும் மூடியுள்ள டின்னில் போட்டோம். பொறி வைத்து நான்கைந்து பிடித்தோம். அப்புறம் சீலிங் அடங்கிவிட்டது. எலி மருந்து மட்டும் வைக்காதீர்கள். ஏன் என்று கீழே மூக்கு ரத்தம் பற்றிச் சொல்லும் இடத்தில் வருகிறது. மலைக்குக் கீழே செம்பனைத் தோட்டங்களில் எலிக்காக ஆந்தைப் பெட்டி கட்டி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருந்து தின்ற எலியைப் பிடித்தால் அந்த ஆந்தைக்கும் கேடு.

எலிப் புழுக்கையைக் காய்ந்தபடி கூட்டாதீர்கள். கையுறை போட்டு, குளோராக்ஸ் வெளுப்பான் கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டுத் துடையுங்கள். எலி மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சல் மனிதருக்கும் வரும், நாய்க்கும் வரும். நாய் வாந்தி எடுத்து, கண் வெள்ளை மஞ்சளாக மாறினால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்.

சுவரோரம் தூள் கொட்டிக் கிடக்கிறது

துடைத்துவிடாதீர்கள். முதலில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நான்கு விதமான அறிகுறிக்கு நான்கு விதமான வேலை இருக்கிறது. தவறான மருந்துக்குக் காசைக் கொட்டியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

முகப் பவுடர் போல வழுவழுவென்று இருந்து, பக்கத்துப் பலகையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் தெரிந்தால், மரத்தைத் துளைக்கும் வண்டுப் புழு. நாம் உளுத்துப்போச்சு என்று சொல்வது இதைத்தான். கசகசா போல மணிமணியாக உருண்டால், காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான். அந்த மணிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு பட்டை இருக்கும், அவ்வளவு ஒழுங்கு. பென்சில் சீவியது போலக் கரடாக இருந்து, மேலே விரல் நுழையும் வட்ட ஓட்டை இருந்தால் கருவண்டு. அது மரத்தைத் தின்பதில்லை, கூடு கட்டத்தான் குடைகிறது. ஓட்டை காலியானதும் மரக்குச்சியை அடித்து அடைத்து வர்ணம் பூசினால் தீர்ந்தது. நான்காவது, தூளே இல்லாமல் சுவரில் மண் கோடு ஏறியிருப்பது. அதுதான் மண் கறையான், வீட்டைத் தின்னும் கறையான்.

முதல் இரண்டுக்கும், பாதிப்பு ஒன்றிரண்டு பலகையோடு நின்றால், அந்தப் பலகையைக் கழற்றி எரித்துவிட்டு வேறு போடுவதே நல்லது. மிச்ச மரத்துக்குப் போராக்ஸ் வகை மருந்தைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் பூசலாம். அது உள்சுவருக்கு மட்டும்தான் சரிப்படும், மழை படும் இடத்தில் கரைந்து ஓடிவிடும். காயும்வரை நாயைக் கட்டிப் போடுங்கள், நக்கிவிடும்.

மண் கறையானைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடித்தது சமையலறைச் சுவரில், இடுப்பு உயரத்தில். பலகையை விரல் முட்டியால் தட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டியது போலப் பொத்தென்று சத்தம். அங்கேயே மண்ணெண்ணெயை ஊற்றியிருந்தால் கறையான் நாலு அடி தள்ளி ஏறியிருக்கும். அதனால் கோட்டைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினோம். கோடு பலகையிலிருந்து உத்திரத்துக்கு, உத்திரத்திலிருந்து தூணுக்கு, தூண் வழியாகத் தரைக்குப் போனது. செங்கால் தூணில் ஒரு கீறல்கூட இல்லை. அந்த வைர மரத்தைக் கறையான் தின்னாது, ஆனால் அதன்மேல் சாலை போட்டு மெராந்திப் பலகைக்கு ஏறிவிடும். 'தூண் செங்கால், பயமில்லை' என்று நினைத்துக்கொண்டிருக்கும் எல்லாரும் இதைக் கவனியுங்கள்.

தூண் அடியில் என்ன இருந்தது தெரியுமா? கருப்பனுக்கு மெத்தையாக நாங்கள் போட்ட பழைய அட்டைப்பெட்டிகள். அடியில் ஈரம், மேலே சூடு. கறையானுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பெட்டிகளைத் தூக்கியபோது வெள்ளையாக நெளிந்தது.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான். மண் கோட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் உடைத்துவிட்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். பூசி மூடியிருந்தால் கூடு உயிரோடு இருக்கிறது. அப்படி என்றால் கோட்டைக் கலைக்காமல், இரைப்பெட்டி வைக்கும் ஆட்களைக் கூப்பிடுங்கள். வேலைக்கார எறும்பு போல அதுவே மருந்தைக் கூட்டுக்குத் தூக்கிப் போகும். இதற்கிடையில் தூணைத் தொட்டுக்கொண்டிருக்கும் விறகு, அட்டை, குவித்த மண் எல்லாவற்றையும் அகற்றுங்கள். விறகை வீட்டைவிட்டுத் தள்ளி, தரையில் படாமல் அடுக்குங்கள். மழை விட்ட சாயந்தரத்தில் வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் கிளம்பினால், கோடு கண்ணில் படாவிட்டாலும் கூடு எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பனுக்கு இப்போது நான்கு செங்கல் மேல் பலகை, அதன்மேல் கோணிப்பை. வாரம் ஒரு முறை வெயிலில் போடுகிறோம்.

கதவு இறுகுகிறது, மூட முடியவில்லை

இழைப்புளியைத் தொடாதீர்கள். கேமரன் மலையில் ஏப்ரல் மே ஒரு மழை, அக்டோபர் நவம்பர் இன்னொரு மழை. அந்த மாதங்களில் மரம் உப்பும், வெயில் வந்ததும் அடங்கும். மழையில் இழைத்த கதவு வெயிலில் பல் இளித்துக்கொண்டு நிற்கும், அந்த இடுக்கு வழியாகத்தான் பூரான் வரும்.

வெயில் காலத்திலும் இறுகினால் வேறு கதை. தரையில் ஒரு கண்ணாடிக் கோலியை வையுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரே மூலைக்கு உருண்டால் அந்த மூலைத் தூண் இறங்குகிறது. அடியில் போய்த் தூணின் பாதத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். நுனி வழுக்கினால் மரம் நன்றாக இருக்கிறது, மண்தான் இறங்கியிருக்கிறது. நுனி மெதுவாக உள்ளே இறங்கினால் மரம் மக்கியிருக்கிறது. அப்படியே நிமிர்ந்து மேலே பாருங்கள், அநேகமாகக் கூரைத் தண்ணீர் அந்தத் தூணடியில் விழுந்துகொண்டிருக்கும். தண்ணீரைத் திருப்பாமல் தூணை மட்டும் மாற்றினால் காசுதான் போகும். ஜாக்கி வைத்துத் தூக்கும் வேலை, தெரிந்த தச்சர் வந்து செய்யவேண்டியது. நீங்களாகச் செய்யாதீர்கள்.

துணியெல்லாம் ஈரவாடை அடித்தால் வீட்டின் அடியை யாராவது தகரம் வைத்து அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். காற்று புகுந்து போகத்தான் வீட்டைக் காலில் நிறுத்திக் கட்டினார்கள். அடைப்பை எடுத்துக் கம்பி வலை போட்டால் போதும்.

நாயின் மூக்கில் ரத்தம்

எனக்கு அதிகமாக வரும் போன் இதுதான். மூன்று காரணம் இருக்கிறது. மூன்றுக்கும் ஆபத்தும் வேகமும் வேறு வேறு, அதனால் பிரித்தறிவது முக்கியம்.

மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். உங்கள் கட்டைவிரலால் ஒரு இடத்தில் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் திரும்ப இளஞ்சிவப்பாகவேண்டும். நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு தடவை செய்து பார்த்து அந்த நிறத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈறு சிவப்பாக இருக்கிறது, நாய் வாலாட்டுகிறது, சாப்பிடுகிறது, ஆனால் ஒரே ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் ரத்தம் விட்டு விட்டு வருகிறது, அடிக்கடி தும்முகிறது. ஓடையில் வாய் வைத்துக் குடிக்கும் நாயா? அப்படி என்றால் மூக்குக்குள் அட்டை. நாயை நான்கைந்து மணி நேரம் தண்ணீர் குடிக்க விடாமல் வைத்திருந்து, பிறகு ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீரை மூக்குக்கு நேராக வையுங்கள். தண்ணீர் வாசம் பட்டதும் அட்டை நீண்டு வெளியே தலை நீட்டும். சுட்டிக்கு அப்படித்தான் எடுத்தோம். கறுப்பு ரப்பர் துண்டு போல ஒன்று மெதுவாக இறங்கி, தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனது. மூன்றாவது தடவை வந்தபோது துணியால் அழுத்திப் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல் அது தானாகப் பிடியை விடும்வரை இழுத்து வைத்திருந்தேன். மூக்குக்குள் உப்பு, புகையிலைத் தண்ணீர், மண்ணெண்ணெய் எதையும் விடாதீர்கள். வரவில்லை என்றால் மருத்துவர் எடுத்துக்கொடுப்பார்.

ஈறு காகிதம் போல வெளுத்திருக்கிறது, உடம்பு கொதிக்கிறது, சோறு தொடவில்லை, வயிற்றில் முடி இல்லாத இடத்தில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி தெரிகிறது. இது உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து வாரக்கணக்கில் ஆன பிறகுகூட வரும், அதனால் இன்றைக்கு உடம்பில் உண்ணி இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஈப்போவோ தாப்பாவோ, இறங்கியாகவேண்டும். ரத்தம் எடுத்துப் பார்த்து டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்கள், பொதுவாக நான்கு வாரம். மூன்றாம் நாளே நாய் எழுந்து ஓடும். நம் ஆட்கள் அங்கேதான் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து முழுவதும் கொடுங்கள். காய்ச்சலுக்கு என்று நம் வீட்டுப் பாரசிட்டமாலைக் கொடுக்கவே கூடாது.

மூன்றாவது, எலி மருந்து. தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று முதல் ஐந்து நாள் கழித்து மூக்கில் ரத்தம், கறுப்பு மலம், மூச்சு வாங்கல், உடம்பில் கன்றிப்போன வீக்கம். ரத்தம் உறையும் சக்தியை அந்த மருந்து உடம்பிலிருந்து எடுத்துவிடுகிறது. இதற்கு மாற்று இருக்கிறது, வைட்டமின் கே1. வாரக்கணக்கில் கொடுக்கவேண்டும், ஆனால் பிழைக்க வைக்கும். நாய் இருக்கும் வீட்டில் இல்லாவிட்டாலும் பக்கத்துக் காய்கறித் தோட்டத்தில் வைத்திருப்பார்கள், போய்க் கேளுங்கள். பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

எது என்று பிடிபடாவிட்டால், வெளுத்த ஈறு இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

பலகைச் சுவரில் உண்ணி ஏறுகிறது

நாயைக் குளிப்பாட்டிப் பயனில்லை என்பதற்கு இதுதான் அடையாளம். நாய் உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும் கீழே இறங்கிச் சுவரில் ஏறி, பலகை இடுக்கில் போய் முட்டையிடும். ஒரு தாய் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். பலகை வீட்டில் இடுக்குக்கா பஞ்சம்? அதனால் ஒரே நாளில் இரண்டையும் செய்யவேண்டும். எல்லா நாய்க்கும் மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்கும் உண்ணி மாத்திரை. அதே நாளில் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள இடுக்குகளைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, காய்ந்ததும் மெழுகோ மக்கோ வைத்து அடைப்பது. இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் அடுத்தடுத்துப் பொரிக்கும் குஞ்சுகள் தீரும்.

காய்கறிக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டும் பழக்கம் இந்த மலையில் இருக்கிறது. உண்ணி சாகும், உண்மைதான். நாயும் வாயில் நுரை தள்ளி, உதறி, விழுந்து சாகும். அப்படி இரண்டு நாய்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

நாய் ஒரு கண்ணைத் திறக்கவில்லை, காலால் தேய்க்கிறது

வீட்டின் அடியில் எதையோ பார்த்துக் குரைத்துவிட்டு இப்படி ஓடி வந்தால், நாகம் துப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருநாகம் தாப்பா பக்கம் அதிகம், இங்கேயும் உண்டு. உடனே குழாயடிக்குக் கொண்டுபோய், ஒருவர் பிடிக்க இன்னொருவர் இமையைத் திறந்து, பதினைந்து இருபது நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். பால் தேடி ஓடவேண்டாம், தண்ணீர் போதும். அப்புறம் மருத்துவர். நேரத்தோடு கழுவினால் பார்வை தப்பும்.

கடிபட்டிருந்தால் கீறுவதோ கட்டுப் போடுவதோ வேண்டாம், தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். பாம்பு இன்னும் அங்கேயே இருந்தால் அடிக்கப் போகாமல் 999க்கு அடியுங்கள். போம்பா என்னும் தீயணைப்புப் படையினரோ பொதுத் தற்காப்புப் படையினரோ வந்து பிடிப்பார்கள். குளவிக் கூட்டுக்கும் அதே எண்தான்.

பிறகு பாம்பு எதைத் தேடி வந்தது என்று பாருங்கள். எலியைத் தேடி. எலி? மேலே சொன்ன தட்டைத் தேடி.

கொல்லை உழுத மாதிரி கிடக்கிறது

மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்ட இடத்தில் மண் புரட்டிக் கிடந்து, இரட்டைக் குளம்புத் தடம் இருந்தால் காட்டுப்பன்றி. வேலியின் அடிப்பக்கத்தில் தகரத்தை ஒரு முழம் புதைத்து வையுங்கள், பன்றி தாண்டுவதைவிடத் தோண்டத்தான் பார்க்கும். வீட்டு மின்சாரத்தை வேலியில் விடுவது கொலை. பன்றிக்கு வைத்ததில் பிள்ளைகள் போய்ச் சேரும்.

நாய் துரத்திப்போய்க் கொம்புப் பல்லில் கிழிபட்டு வந்தால், வெளியே தெரியும் காயம் இரண்டு அங்குலம் இருக்கலாம், உள்ளே ஒரு சாண் ஓடியிருக்கும். மேலே மருந்து பூசி மூடினால் உள்ளே சீழ் கட்டும். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல், கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த துணியால் சுற்றிக்கொண்டு ஓடுங்கள். உங்களைக் குரங்கோ மூசாங்கோ கடித்திருந்தால் சோப்பும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள்.

காட்டோரம் பன்றி தானாகச் செத்துக் கிடந்தால் தொடாமல் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். 2021இல் நாட்டுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்கும் நாய்க்கும் தொற்றாது, பன்றிகளை மட்டும் கூட்டத்தோடு கொல்லும். பன்றி குறைந்தால் அதைத் தின்று வாழும் விலங்கு வேறு எங்கே வரும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசித் தலைப்பு அதைப் பற்றித்தான்.

நாய் இரவு திரும்பி வரவில்லை

விடிந்ததும் தேடுங்கள், முதலில் காட்டோரத்துப் பன்றிப் பாதைகளில். கம்பிக் கண்ணி வைத்திருப்பார்கள். கண்ணியில் மாட்டிய நாய் பெரும்பாலும் குரைக்காது, இழுக்க இழுக்க இறுகும் என்பதால் அசையாமல் படுத்திருக்கும். கம்பி வெட்டும் குறடை எடுத்துப் போங்கள். முகத்தில் ஒரு துணியைப் போர்த்திவிட்டு வெட்டுங்கள், வலியில் உங்களையே கடிக்கும். கம்பி பட்ட இடம் அன்றைக்கு லேசாகத் தெரிந்தாலும் இரண்டு நாளில் தோல் செத்து உரியும், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கண்ணி வைப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இடத்தைப் படம் எடுத்து, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.

குரைக்கவேண்டிய நாய் குரைக்கவில்லை

பன்றிக்குக் கருப்பன் ஊரைக் கூட்டுவான். மூசாங்குக்குச் சும்மா இரண்டு குரை. ஒரு ராத்திரி அவன் ஒன்றுமே சொல்லாமல் வாலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, அறைக்குள்ளே வந்து கட்டிலடியில் நுழைந்தான். முதுகு மயிர் சிலிர்த்து நின்றது. கையை வைத்தால் உடம்பு நடுங்கியது, ஆனால் தொண்டையிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. காலையில் குழாயடி ஈர மண்ணில் தடம் இருந்தது.

இந்த அறிகுறிக்குச் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. கதவைத் தாழ் போட்டு உள்ளே இருங்கள். பொழுது விடிந்த பிறகு தடத்தைப் பாருங்கள். நாயின் தடத்தில் நகம் குத்திய புள்ளி தெரியும். சிறுத்தை, புலி இரண்டும் நகத்தை உள்ளே இழுத்து நடப்பதால் புள்ளி இருக்காது, பின் மெத்தையின் அடிப்பக்கம் மூன்று மடிப்பாகத் தெரியும். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுங்கள், அளவு புரியும். தொடர்ந்து போகாதீர்கள். பெர்ஹிலித்தான் எண் 1-800-88-5151. நம் தீபகற்பத்தில் சிறுத்தை பெரும்பாலும் கருஞ்சிறுத்தைதான், அதனால் இருட்டில் பார்த்தேன் என்று சொல்பவர்கள் கண்ணை மட்டும்தான் பார்த்திருப்பார்கள்.

சாயந்தரம் ஏழு மணிக்கு மேல் நாய் வெளியே கட்டிக் கிடக்கக் கூடாது. கட்டிய நாய் தப்பிக்க முடியாத இரை. உள்ளே படுக்கவையுங்கள், இல்லாவிட்டால் தகரம் போட்டுத் தாழ் உள்ள கூண்டு கட்டுங்கள்.

நாய் புலிக்கு இரையாவது ஒரு பக்கம். நாயால் புலி சாவது இன்னொரு பக்கம். 2019 ஜூலையில் திரங்கானு, டுங்குன் பக்கம் ஒரு புலி பட்டப்பகலில் ஊருக்குள் தள்ளாடி வந்தது. பிடித்துச் சுங்காய் மீட்பு மையத்துக்குக் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. டிஸ்டெம்பர் என்று உறுதியானது. நாய்களுக்கு வரும் அதே நோய்தான். நாட்டில் காட்டுப்புலி 150க்கும் குறைவு என்று கணக்கெடுத்திருக்கிறார்கள்.

டிஸ்டெம்பரின் அறிகுறி இப்படித் தெரியும். கண்ணிலும் மூக்கிலும் மஞ்சள் சளி, இருமல், பேதி. கொஞ்ச நாளில் தேறியது போல இருக்கும். பிறகு தலையோ காலோ தானாக வெட்டி வெட்டி இழுக்கும், வாயில் ஒன்றும் இல்லாமலே மெல்லும். அந்தக் கட்டத்துக்கு வந்தால் குணமாக்கும் மருந்து கிடையாது. தடுப்பூசி மட்டும்தான். ஆறிலிருந்து எட்டு வாரக் குட்டியில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் ஆகும்வரை போடவேண்டும். ஒன்றோடு நிறுத்தக் கூடாது.

ராணிக்கு நாங்கள் ஒன்றோடு நிறுத்தியிருந்தோம். தாப்பாவுக்கு 45 கிலோமீட்டர், மழை, வேன் இல்லை, அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போட்டோம். அவள் கடைசி ஒன்பது நாளும் என் மடியில்தான் கிடந்தாள், தாடை மட்டும் ஓயாமல் மென்றுகொண்டே இருந்தது.

டிஸ்டெம்பரில் போன நாயைக் காட்டோரம் தூக்கிப் போடாதீர்கள், கோணியில் கட்டி ஓடையில் விடாதீர்கள். பன்றியோ மூசாங்கோ சிறுத்தையோ இழுத்துவிடும். நான்கு அடி ஆழம் தோண்டி, சுண்ணாம்பு தூவி, மண் மூடி, மேலே கல் ஏற்றுங்கள். அவள் படுத்த துணியை எரித்தோம், தட்டைக் குளோராக்ஸில் ஊறவைத்தோம். கொய்யா மரத்தடியில் கல் ஏற்றி முடிக்கும்வரை கருப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் பதில் பக்கத்துத் தோட்டத்து லோரியில் ஏறி, அவனைப் பெட்டியில் வைத்துக் கீழே ஊசிக்குக் கொண்டுபோனேன்.